விரட்டுக் காபி

"அறை கிடக்கட்டும். முதல்ல கழிப்பறையைக் காட்டுங்க."

கதவு திறந்ததும் மெர்சிஹா கேட்டது இதைத்தான். காலையில் பஸ் ஏற்றிவிட வந்த அண்ணி, விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லி அனுப்பியிருந்தாள்: "பட்டணத்துல அறை கேட்டுப் போறே. எதை வேணும்னாலும் கேளு, கழிப்பறையை மட்டும் கேக்காதே. காட்டுப்புறம்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்ட மாதிரி ஆயிடும்."

அண்ணிக்கு என்ன தெரியும்? படிக்கிற காலத்தில் மெர்சிஹா குடியிருந்த வீட்டில், கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் வீட்டுக்காரக் கிழவரின் படுக்கையறையைக் கடந்துதான் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் கிழவர் போர்வைக்குள்ளிருந்து, "யாரது?" என்பார். "நான்தான்." "மறுபடியுமா?" பல்கலைக்கழகம் கற்றுக்கொடுத்ததில் பாதி மறந்துவிட்டது. அந்த "மறுபடியுமா?" மட்டும் காதைவிட்டுப் போகவில்லை.

"கழிப்பறையா?" என்றாள் கதவைத் திறந்தவள். முழங்கால்வரை தொங்கும் பட்டு அங்கி. காலில் தெருச்செருப்பு. வீட்டுக்குள், கம்பளத்தின்மேல், தெருச்செருப்பு. மெர்சிஹாவின் ஊரில் இப்படி நிற்பவளைப் பைத்தியம் என்பார்கள். இந்தச் சரயேவோவில் கலைஞர் என்பார்கள். "பஸ்ல ரொம்ப நேரமா அடக்கிக்கிட்டு வந்தியா, செல்லம்?"

"எனக்கு அவசரம் இல்ல. எங்க இருக்கு, எப்படிப் போகணும்னு தெரியணும். அவ்வளவுதான்."

"நான் யாருன்னு தெரிய வேணாமா?"

"அது அப்புறம்."

பட்டு அங்கிக்காரி சிரித்தாள். ஜூவில் குரங்கு வாழைப்பழத்தைத் தானே உரித்துவிட்டால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "ஓ, அறைக்கு வந்தவளா நீ! வாஹிதா போட்ட விளம்பரமா இருக்கும். அவ எப்பவும் இப்படித்தான், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதில்ல. வா, வா. நான் இனெஸ்."

கழிப்பறை நன்றாகவே இருந்தது. யார் படுக்கையறையையும் கடக்க வேண்டியதில்லை. தாழ்ப்பாள் விழுகிறதா என்று மெர்சிஹா போட்டுப் போட்டுப் பார்த்தாள். தண்ணீரை இழுத்துவிட்டும் பார்த்தாள். வெளியே இனெஸ், "நல்லா வேலை செய்யுதா, செல்லம்?" என்று குரல் கொடுத்தாள்.

இந்த அறை அவளுக்குக் கிடைத்தே ஆக வேண்டும். திங்கட்கிழமை நில அளவை அலுவலகத்தில் வேலைக்குச் சேர வேண்டும். ஓலொவோ என்ற சிறு நகரத்துக்கு மேலே மலையில் இருக்கிற அவள் ஊரிலிருந்து படித்துப் பட்டம் வாங்கி வேலைக்குப் போகிற முதல் ஆள் அவள்தான். அண்ணன் ரெஃபிக் தெளிவாகச் சொல்லிவிட்டான்: "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அறை கிடைக்கலேன்னா பஸ் ஏறி வந்துடு. மரமில்லுல கணக்கெழுத ஆள் வேணுமாம். முதலாளிகிட்டச் சொல்லி வெச்சிருக்கேன்." தங்கச்சி தோற்றுத் திரும்பி வந்தால் சாப்பாடு போட அவன் எப்போதும் தயார். அந்தப் பெரிய மனசை நினைத்தாலே மெர்சிஹாவுக்கு வயிறு எரியும்.

இதைவிட்டால் இன்னும் ஒரே ஓர் இடம் இருந்தது. கடைசி டிராம் நிறுத்தத்துக்கும் அப்பால், ஒரு விதவை அம்மாள். அவள் ஃபோனிலேயே சட்டதிட்டங்களை ஒப்பித்துவிட்டாள். எண்ணெயில் பொரிக்கக் கூடாது. இருட்டினால் ஃபோனில் பேசக் கூடாது. வாரத்துக்கு ஒரு தடவைதான் தலைக்குக் குளிக்க வேண்டும். "எப்ப வேணும்னாலும் கூப்பிடு. ஆனா ஒண்ணு, சரின்னு சொன்னா சொன்னதுதான். வாக்கு மாறுறவளை வீட்டு வாசல்ல நிக்க விடமாட்டேன்."

சமையலறையிலிருந்து இன்னொருத்தி எட்டிப் பார்த்தாள். அகன்ற தோள், தலையில் கட்டிய துணி, முழங்கைவரை மஞ்சள் ரப்பர் உறை. வேலைக்காரி வைத்துக்கொள்கிற வீடா இது? மெர்சிஹாவுக்கு உள்ளே சுருக்கென்றது. அவள் அம்மாவும் வேனிற்காலங்களில் விடுதிகளில் தரை துடைத்தவள்தான். வெறுங்கையோடு யார் வீட்டுக்கும் போகக் கூடாதே என்று வாங்கி வந்த அரைக்கிலோ காபிப் பொட்டலத்தை அந்த ரப்பர் உறைக் கையில் திணித்தாள்.

"இதை உள்ள வெச்சிடுங்கக்கா."

"வாம்மா. நான்தான் உனக்கு..." என்று ஆரம்பித்தாள் அவள்.

"வாஹிதா, காபி!" என்று கூடத்திலிருந்து இனெஸ் பாடினாள். "எங்க வாஹிதா இல்லேன்னா இந்த வீடே ஓடாது, செல்லம்!"

வாஹிதா வாயை மூடினாள். பெருமூச்சு விட்டாள். உள்ளே போனாள்.

கூடத்தில் பட்டப்பகலில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. இனெஸ் தரையில் மெத்தையைப் போட்டுச் சம்மணமிட்டாள்.

"எங்க ஜெர்மனியில, ஸ்டுட்கார்ட்ல ஒரு வழக்கம். நான் பொறந்து வளந்ததெல்லாம் அங்கதானே. கூட வசிக்கப்போறவங்க முதல்ல வட்டமா உக்காந்து அவங்கவங்க விசித்திரங்களைச் சொல்லிக்கணும். ஒளிவுமறைவு கூடாது. நான் ஆரம்பிக்கிறேன். இனெஸ். துலா ராசி. களிமண்ல சிற்பம் பண்றேன். காலையில வெயில் நல்லா ஏறுறவரைக்கும் யாரும் எங்கிட்ட பேசக்கூடாது. என் கோப்பையைக் கழுவக்கூடாது, அதுல அந்தந்த நாளோட ஞாபகம் தங்கியிருக்கும்."

"அப்ப யார்தான் கழுவுறது?"

"வாஹிதா."

"கழுவக்கூடாதுன்னீங்களே?"

"நான் சொல்றதை அவ எங்க கேக்கறா!" என்று இனெஸ் கையை விரித்தாள். "இப்ப நீ."

மெர்சிஹா இதைப் பஸ்ஸில் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். "மெர்சிஹா. நில அளவைப் பொறியியல் பட்டதாரி. நான் இருக்கிற இடமே தெரியாது. எனக்கு எந்தப் பழக்கமும் கிடையாது."

இனெஸ் பரிதாபமாகத் தலையாட்டினாள். "எந்தப் பழக்கமும் இல்லாதவங்கதான் பின்னால கொலை பண்றாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க பேட்டியைப் பாத்ததில்லையா? 'ரொம்ப அமைதியான பொண்ணு'ம்பாங்க. ஏதாவது ஒண்ணு சொல்லு."

கொலைகாரி இல்லை என்று நிரூபிக்க வேண்டி வரும் என்று அண்ணி எச்சரித்திருக்கவில்லை. மெர்சிஹா இருப்பதிலேயே சின்னதாக ஒன்றைத் தேடினாள்.

"பச்சை வெங்காயம் திம்பேன்."

"எப்ப?"

"சாப்பாட்டோட."

"எந்தச் சாப்பாட்டோட?"

"எல்லாச் சாப்பாட்டோடயும்."

இனெஸ் மெத்தையோடு கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். மெர்சிஹா அவசரமாகச் சமாளித்தாள். "உங்களுக்கு வாடை பிடிக்கலேன்னா எல்லாரும் படுத்தப்புறம் திங்கறேன்."

"இருட்டுலயா? தனியா உக்காந்துக்கிட்டு? கடிச்சா?"

"வெட்டித்தான் திம்பேன். கத்தி வெச்சிருக்கேன்."

சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று அவளுக்கே உறைத்தது. வாஹிதா செம்புத் தட்டில் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். மெர்சிஹா சர்க்கரைக் கட்டியைக் காபியில் ஒரு முக்கு முக்கிக் கடைவாயில் அடக்கிக்கொண்டாள். இனெஸ் அதையும் குறித்துக்கொள்கிற மாதிரி பார்த்தாள்.

"வேற?" என்றாள்.

"தூக்கத்துல பேசுவேன்."

"அழகு! என்ன பேசுவே?"

"சண்டை போடுவேன்."

"யாரோட?"

"பேராசிரியரோட. அவர் என்னைப் பாத்து, 'உங்க ஊருக்கு ரோடே இல்ல, நீ எதை அளக்கப்போறே'ன்னு கேட்டாரு. அன்னைக்குப் பதில் சொல்லல. இப்ப சொல்லிக்கிட்டிருக்கேன்."

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. அண்ணன். அவர்கள் வீட்டில் கொட்டகை மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் வரும். அதனால் அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் ஃபோனில் பேசுவதும் மலையைப் பார்த்துக் கூவுவதும் ஒன்றுதான்.

"இன்னும் முடிவாகலண்ணா!" என்று மெர்சிஹா கூவினாள். "பேசிக்கிட்டிருக்கோம்! இல்ல, மில்லுல ஒண்ணும் சொல்லாதே! கழிப்பறை நல்லாருக்கு!"

மெழுகுவத்தி அணைந்துபோயிற்று.

"நீ இருக்கிற இடமே தெரியாதுன்னு சொன்னியே," என்று இனெஸ் அதைத் திரும்பப் பற்றவைத்தாள். பற்றவைத்தவள் கையை அப்படியே நிறுத்தி மூக்கை உறிஞ்சினாள். "இது என்ன வாசனை?"

மெர்சிஹாவுக்கு என்ன வாசனை என்று நன்றாகத் தெரியும். அம்மா கட்டிக்கொடுத்த சீஸ். குளிர்காலம் முழுக்க ஆட்டுத்தோலுக்குள் கிடந்து முற்றிய சீஸ். தெரியாத்தனமாகப் பையை ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிட்டாள். சூடு பட்டதும் ஆடு உயிர்பெற்று எழுந்துவிட்டது.

வெங்காயம், கத்தி, தூக்கத்தில் சண்டை. இதற்குமேல் ஆட்டையும் சேர்த்துச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. "கழிப்பறையிலேர்ந்து வருது போல," என்றாள்.

"வாஹிதா!" என்று இனெஸ் குரல் கொடுத்தாள். "கழிப்பறையை ஒரு தடவை கழுவிடேன்! இந்தப் பொண்ணு நாத்தம் அடிக்குதுங்குது!"

வாஹிதா சமையலறை வாசலில் வந்து நின்றாள். "இப்பத்தானே கழுவினேன்," என்றாள். அவள் பார்வை மெர்சிஹாவின் முகத்துக்கு வந்தது, ஹீட்டருக்குப் போனது, பையில் நின்றது. மறுபடி முகத்துக்கு வந்தது. வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

மெர்சிஹாவின் காது மடல் எரிந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருத்தியைக் கழிப்பறைக்கு அனுப்பியாயிற்று. படிப்பு நன்றாகத்தான் வேலை செய்கிறது. பையை வாரித் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "அறையைப் பாத்துடலாமே?"

நடைவழியில் ஒரு கதவு திறந்து கிடந்தது. உள்ளே பெரிய அறை. ஜன்னலில் மலை தெரிந்தது. மடிக்காத படுக்கை, தரையெல்லாம் களிமண்.

"இதுவா?"

"இது என் அறை, செல்லம்," என்று இனெஸ் காலாலேயே கதவைச் சாத்தினாள். "உன்னுது இன்னும் அழகு. நேத்துகூட நினைச்சேன், இந்த இடம் சும்மா கிடக்கேன்னு."

அழகு என்று அவள் சொன்னது சமையலறைக்குப் பின்னால் கண்ணாடி போட்டு அடைத்த பால்கனியை. குறுக்கே கொடி கட்டியிருந்தது. கொடியில் இனெஸின் காலுறைகள் தொங்கின. அளவையாளரின் கை தானாகவே பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தது. நீட்டிப் பார்த்தாள். சுருட்டினாள்.

"இதுல கட்டில் போட்டா கதவைத் திறக்க முடியாது. கதவைத் திறந்தா கட்டில் போட முடியாது."

"வெளிச்சத்தைப் பாரு!"

"வெளிச்சத்து மேல படுக்க முடியாதுங்க."

"நீ ரொம்ப அளக்கறே," என்றாள் இனெஸ். "வாழ்க்கையை அளக்கக் கூடாது."

மில்லில் கணக்கெழுதுவதா, காலுறைகளுக்குக் கீழே படுப்பதா என்று மெர்சிஹா ஒரு கணம் யோசித்தாள். காலுறைகளே பரவாயில்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. பையை மூலையில் வைத்து, சீஸ் வாடை போகட்டும் என்று பால்கனி ஜன்னலை அகலத் திறந்துவிட்டு வந்தாள்.

கூடத்தில் இனெஸ் மெழுகுவத்திப் புகை போகட்டும் என்று ஏற்கெனவே தெருப்பக்க ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள்.

எங்கள் ஜனங்கள் போர்க்கால முற்றுகையைத் தாங்கினார்கள், பசியைத் தாங்கினார்கள், அதற்குப் பிறகு வந்த அரசியல்வாதிகளையும் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டு ஒரே நேரத்தில் திறந்திருப்பதை மட்டும் அவர்களால் தாங்க முடியாது. அந்தக் குறுக்குக் காற்று கழுத்தைப் பிடிக்கும், பல்லை ஆட்டும், பிள்ளைப்பேற்றைக் கெடுக்கும். மருத்துவம் படித்தவர்களும் நம்புகிறார்கள். மெர்சிஹாவும் நம்பினாள். தான் திறந்த ஜன்னலுக்கு எதிரே இன்னொன்று திறந்திருப்பதை அவள் கவனித்தபோது வீட்டுக்கு நடுவே விர்ரென்று காற்று புறப்பட்டுவிட்டது.

"காத்து! காத்து!" என்று கழிப்பறையிலிருந்து வாஹிதா அலறினாள்.

நடைவழிக் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. அலமாரியின் உச்சியில் இருந்த பெரிய களிமண் ஜாடி ஒரு முறை தயங்கியது. பிறகு விழுந்தது.

"என் 'பெண்மையின் மௌனம்'!" என்று இனெஸ் மண்டியிட்டாள்.

"ஐயோ, மன்னிச்சிடுங்க. ஊறுகாய் ஜாடின்னு நினைச்சேன்."

இனெஸ் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அதாவது," என்று மெர்சிஹா சரிசெய்தாள், "காலியான ஊறுகாய் ஜாடி."

எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு வாஹிதா துடைப்பத்தோடு வந்தாள். 'பெண்மையின் மௌன'த்தை அவள் முறத்தில் அள்ளிய வேகத்தில் துக்கம் இல்லை. இன்னும் சொல்லப்போனால், பெரிய துண்டு ஒன்றைத் துடைப்பத்தால் தட்டிச் சிறிய துண்டுகளாக்கித்தான் அள்ளினாள்.

"ஒட்டித் தரேன்," என்றாள் மெர்சிஹா.

"ஒட்ட முடியாது," என்றாள் வாஹிதா உடனே. "அதெல்லாம் ஒட்டவே கூடாதும்மா."

அவள் மறுபடி காபி கொண்டுவந்தாள். இந்தத் தடவை கூடவே வேஃபர் பிஸ்கெட்டும். இனெஸ் குடித்துத் தெம்பானாள். துக்கம் அவளிடம் ஒரு கோப்பை காபிக்குமேல் தங்குவதில்லை போலிருந்தது.

"இந்த வீட்டுல காபிக்குப் பஞ்சமே இல்ல," என்றாள். "வந்த நாள்லேர்ந்து பாக்கறேன், ஒண்ணு குடிச்சு முடிச்சா அடுத்தது, அதை முடிச்சா அடுத்தது. வாஹிதாவுக்கு மனசு அப்படி. சரி, விட்ட இடத்துக்கு வருவோம். எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு, செல்லம். நீ ரொம்ப... அசலா இருக்கே. மலையிலேர்ந்து அப்படியே பேத்து எடுத்துட்டு வந்த பாறை மாதிரி. ஆனா கூட வசிக்கிறதுன்னா ஒரு இசைவு வேணும் இல்லையா? வெங்காயம், கத்தி, கூச்சல், சண்டை. அப்புறம் அந்த வாசனை..."

"அது என் சீஸ்," என்றாள் மெர்சிஹா. "கழிப்பறை இல்ல. சீஸ்."

"சீஸா! பாரு, இன்னும் எவ்வளவு ஒளிச்சு வெச்சிருக்கே!" என்று இனெஸ் மெழுகுவத்தியை ஒரு விரல் இந்தப் பக்கம் நகர்த்தினாள். "எனக்குக் கொஞ்சம் யோசிக்க அவகாசம் குடு. வாஹிதா!"

வாஹிதா வந்தாள். கையில் செம்புத் தட்டு. தட்டில் காபி.

மூன்றாவது காபி.

எங்கள் ஊரில் ஒருவரைப் பார்த்து 'வெளியே போ' என்று சொல்வது பாவம். அதனால் சொல்ல மாட்டோம், காபியாக ஊற்றிவிடுவோம். முதல் காபி வரவேற்க. இரண்டாவது பேசிக்கொண்டிருக்க. மூன்றாவது வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: குடி, எழுந்திரு, செருப்பை மாட்டு. விரட்டுக் காபி என்று அதற்குப் பேரே உண்டு. நடக்கக் கற்காத குழந்தைகூட மூன்றாவது கோப்பையைப் பார்த்தால் தவழ்ந்து வாசலுக்குப் போய்விடும்.

மெர்சிஹா கோப்பையைப் பார்த்தாள். ஆவியில் அவள் கொண்டுவந்த பொட்டலத்தின் மணம். வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் காபியிலேயே அவளை விரட்டுகிறார்கள். "வாஹிதா!" என்று ஒரு குரல், உடனே தட்டு. என்ன ஒத்திகை! இதற்கு முன்னால் எத்தனை பேரை இப்படி அனுப்பினார்களோ!

வாஹிதா இரண்டு கோப்பையையும் தளும்பத் தளும்ப நிரப்பிவிட்டு, தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எதையோ எதிர்பார்ப்பவள்போல அங்கேயே நின்றாள். "ஆஹா!" என்று இனெஸ் கோப்பையைக் கையிலெடுத்தாள்.

மெர்சிஹா எழுந்தாள்.

"ஒரு நிமிஷம். நான் இன்னும் என்னைப் பத்திச் சொல்லி முடிக்கல. பஸ்ல மனப்பாடம் பண்ணினதைத்தான் சொன்னேன். இப்ப நிஜத்தைச் சொல்றேன். என் பேர் மெர்சிஹா. எங்கப்பனுக்குக் கையெழுத்துப் போடறதுக்கே நாக்கு வெளிய வரும். எங்கம்மா தரை துடைச்சு என்னைப் படிக்க வெச்சா. எனக்கு ராசி எதுன்னு தெரியாது, நான் பொறந்த அன்னைக்கு மாடும் கன்னு போட்டதால யாரும் வானத்தைப் பாக்கல. வெங்காயத்தை வெட்டித் திம்பேன், கத்தி இல்லேன்னா குத்தி ஒடைச்சுத் திம்பேன். என் சீஸ் நாறும். நல்ல சீஸ் நாறத்தான் செய்யும். என் கோப்பையை நானே கழுவுவேன், அதுல எந்த ஞாபகமும் தங்காது, ஏன்னா அது கோப்பை. ஃபோன்ல கத்துவேன், மலைக்கு அந்தப் பக்கம் கேக்கணும்னா கத்தித்தான் ஆகணும். வீட்டுக்குள்ள தெருச்செருப்பு போட்டு நடக்கிறவங்களைப் பாத்தா எனக்குக் குமட்டும். இதான் என் விசித்திரம். எனக்கு இருக்கிறது இந்த ஒண்ணுதான்: பொய் சொல்லி ஒரு மணி நேரத்துக்கு மேல தாங்க மாட்டேன்."

"அற்புதம்!" என்றாள் இனெஸ். உண்மையிலேயே மகிழ்ந்திருந்தாள். "பாத்தியா, இதைத்தான் ஆரம்பத்துலேர்ந்து கேட்டேன்!"

"இரும்மா," என்று வாஹிதா ஓரடி முன்னால் வந்தாள். "நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நீங்க பேசாதீங்கக்கா. இவங்களாவது வெளிநாட்டுல வளந்தவங்க. நீங்க இந்த ஊர்க்காரி. மூணாவது காபிக்கு அர்த்தம் தெரிஞ்சும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கொண்டுவந்து ஊத்தறீங்களே, உங்களுக்கு முதுகெலும்பே கிடையாதா? எதிரே நிக்கிறவளைப் பாத்து வாயைத் திறந்து 'போ'ன்னு ஒரு வார்த்தை சொல்லத் துப்பு இல்ல! உங்களை மாதிரி ஆளுங்க சொல்லாம இருக்கிறதாலதான் இவங்களை மாதிரி ஆளுங்க உக்காந்த இடத்துல உக்காந்து தின்னுக்கிட்டிருக்காங்க!"

வாஹிதா வாயைப் பிளந்தபடி நின்றாள். அடி வாங்கியவள் முகம் அப்படித்தான் இருக்கும் என்று மெர்சிஹா நினைத்துக்கொண்டாள். பிறருக்கு உறைக்கும்படி ஒன்றைச் சொல்லிவிட்ட நிறைவோடு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள். அவசரத்தில் வலதும் இடதும் மாறின. குனிந்து மாற்றினால் மரியாதை போய்விடும். மாறிய செருப்போடே கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

முதல் மாடிப்படித் திருப்பத்திலேயே ஃபோனை எடுத்தாள். மில்லா, விதவையா? யோசிக்க ஒன்றுமில்லை. மில்லுக்குப் போனால் அண்ணன் முகத்தில் அந்தப் பெரிய மனசு தெரியும்.

"நான் மெர்சிஹா பேசறேன்!" என்று படிக்கட்டு அதிரக் கூவினாள். "அறையை எடுத்துக்கறேன்! ஆமா, பொரிக்க மாட்டேன்! ஆமா, வாரத்துக்கு ஒரு தடவைதான்! ஆமா, சொன்னா சொன்னதுதான்! வாக்கு, வாக்கு!"

தாறுமாறான செருப்போடு கீழே வந்து தெருக்கதவின் இரும்புப் பிடியில் கை வைத்தபோது, பின்னால் தொப்பு தொப்பென்று வீட்டுச் செருப்புச் சத்தம். மூச்சிரைக்க வாஹிதா இறங்கி வந்தாள். ஒரு கையில் மஞ்சள் உறை, மறு கையில் ஆட்டுநாற்றத்தோடு அந்தப் பை.

"விட்டுட்டு வந்துட்டே," என்று பையை நீட்டினாள். "அறையைப் பாக்காமலே போறியேம்மா."

"பாத்தாச்சு. அந்தக் கண்ணாடிக் கூண்டைத்தானே?"

"அதுவா? அது துணி காயப்போடற இடம்."

மெர்சிஹா பையை வாங்கித் தோளில் மாட்டினாள். இனி எதைக் காட்டினாலும் அவளுக்கு வேண்டாம். வாக்குக் கொடுத்தாயிற்று. தோளால் கதவைத் தள்ளித் தெருவில் கால் வைத்தாள். வாஹிதா படியிலேயே உட்கார்ந்து, தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் காபி உனக்கில்லடியம்மா, ஒரு வாரம் தங்கறேன்னு வந்து, நான் வாடகைக்கு விடற அறையை மூணு மாசமா அடைச்சுக்கிட்டுக் கிடக்கிற என் சித்தி மகளுக்கு தினமும் என் வீட்டுல நான் ஊத்தற விரட்டுக் காபி அது, அந்த ஜெர்மனிக்காரி என்னடான்னா, 'ஆஹா, இன்னும் ஒரு கப்'ங்கறா!"